ஆரு வரலீங்க?

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்குக் கூட்டம் வைத்தது நான்தான். அந்த நேரத்தில் அவர் பள்ளிவாசலில் இருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. வேறு நாள் கிடைக்காமலும் இல்லை. இதை முதலில் சொல்லாமல் அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதினால் அது நான் செய்கிற இன்னொரு அயோக்கியத்தனமாக இருக்கும்.

பெயர் வேண்டாம். ஊரில் எல்லோரும் அவரை ராவுத்தரே என்றுதான் கூப்பிட்டார்கள். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், நல்லேப்பிள்ளியைத் தாண்டி எல்லைப் பக்கம் போகிற சாலையில் எங்கள் ஊர். அங்கே மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தார். புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு, தாம்புக்கயிறு. சட்டையில் எப்போதும் தவிட்டுத் தூசி இருக்கும். கண்ணாடி நெற்றிக்கு மேலே ஏறியிருக்கும். எங்கே போனாலும் நுழைந்ததும் உட்கார மாட்டார். வாசல் நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகு கேட்பார்.

“ஆரு வரலீங்க?”

கல்யாண வீட்டில், இழவு வீட்டில், பால் சொசைட்டிப் பொதுக்குழுவில், எல்லா இடத்திலும் இதே கேள்வி. வந்தவர்களுக்கு எரிச்சல் வரும். நாங்கள் வந்திருக்கிறோமே, உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று என் தம்பி ஒருமுறை கேட்டே விட்டான். உங்களைத்தான் பார்த்தாகிவிட்டதே என்றார் அவர்.

ஆரம்பத்தில் அதை வியாபாரத் தந்திரம் என்றுதான் நினைத்தேன். மாலையில் கடையை அடைக்கும்போது, வழக்கமாக வருகிறவர்களில் அன்று யார் வரவில்லை என்று யோசிப்பார். மறுநாளும் வராவிட்டால் மொபெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவார். மாடு படுத்துவிட்டதா, ஆள் படுத்துவிட்டதா என்று பார்க்க. ருக்குமணி என்றொரு பெண், மாடும் வைத்துக்கொண்டு சந்தையில் கீரையும் விற்றவள், விலைத் தகராறில் அவரோடு சண்டை போட்டுவிட்டு எதிர்க்கடையில் தீவனம் வாங்க ஆரம்பித்தாள். சில மாதம் கழித்து ஒரு வாரம் அந்தக் கடைக்கும் அவள் வரவில்லை. ராவுத்தர் நேராக எதிர்க்கடைக்குப் போனார்.

“ஏனுங்க, ருக்குமணி இங்கயும் வரலீங்களாட்ட இருக்குது?”

கடைக்காரர் கொதித்துவிட்டார். “என்ற கடைக்கு ஆரு வாரா, ஆரு வரலீன்னு பாக்கறதுக்கு உம்மைய ஆரு வெச்சா?”

ராவுத்தர் மொபெட்டைக் கிளப்பி ருக்குமணி வீட்டுக்குப் போனார். வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தவளை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவர்தான். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். பிழைத்து வந்த ருக்குமணி அதன் பிறகும் எதிர்க்கடையிலேயே வாங்கினாள். அங்கே தவிடு நல்லா இருக்கிறது என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் சிரித்தார். வியாபாரத் தந்திரம் என்ற என் கணிப்பை அன்றைக்குக் கைவிட்டேன். ஆனால் அதற்குப் பதிலாக அவரைப் புரிந்துகொள்ள முயன்றேனா என்றால், இல்லை.

நான் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். வாத்தியாரை மாஷ் என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம், ஊருக்கு நான் மாஷ். கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. ஓய்வு பெற்ற கையோடு, எங்கள் பக்கத்துக்கு ஒரு வளர்ச்சிக் கூட்டமைப்பு வேண்டும் என்று வீடு வீடாகப் பேசித் திரிந்தேன். எங்கள் தக்காளி எல்லை தாண்டிப் போய், தரகு கழிந்து, எங்கள் கடைக்கே திரும்பி வருகிறது. எங்கள் தேங்காய் வேறெங்கோ எண்ணெயாகிறது. எங்கள் பிள்ளைகள் விடிகாலை பஸ்ஸில் கோயம்புத்தூருக்கும் வாளையார்ப் பக்கத்துக்கும் கூலிக்குப் போகிறார்கள். பஞ்சாயத்து, வங்கி, பால் சொசைட்டி, தென்னை விவசாயிகள், வியாபாரிகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டால் அரசு மானியம் கிடைக்கும், வேலை இங்கேயே வரும் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அந்த யோசனை சரியானது என்று இன்றும் நம்புகிறேன். கெடுத்தது நாங்கள்.

முதல் கூட்டம் பஞ்சாயத்து மாடியில். தலைவராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வட்டார அதிகாரி பேச எழுந்தபோது ராவுத்தர் வாசலில் நின்று தன் கேள்வியைக் கேட்டார். கூப்பிட்ட எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றார் அதிகாரி.

“கூப்புட்டவங்க வந்துட்டாங்க, சரிங்க. கூப்புடாதவங்க ஆருன்னு கேக்கறேன்.”

ஹால் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. திட்டத்தில் சந்தையைப் பற்றி அத்தனை பேசியிருக்கிறீர்கள், சந்தையில் உட்காருகிறவர்களில் ஒருவர்கூட இங்கே இல்லையே என்றார். சித்தெ இருங்க என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். டீ வந்து ஆறிப்போன பிறகு ருக்குமணியையும் ஒரு கருவாட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கருவாட்டுக் கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கருவாட்டுக்காரர் மேடை ஓரத்தில் வைத்தார். அதிகாரி கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

பிறகு ஒவ்வொரு கூட்டமும் இப்படித்தான். இன்றைக்குப் பால்காரர்கள் இல்லை, இன்றைக்குத் தேங்காய் உரிக்கிறவர்கள் இல்லை. அவர் கூட்டிக்கொண்டு வருவார், நாங்கள் காத்திருப்போம். வந்தவர்கள் பேசியதில் பாதி உபயோகமானது என்பதையும் சொல்ல வேண்டும். பால் வண்டி நேரத்தை மாற்றியது அப்படித்தான். ஆனால் எனக்கு அது இனிக்கவில்லை. நான் பேச எழுந்தால்கூட ஆட்கள் முதலில் வாசலைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஒருமுறை எங்களை மூணாறுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சுற்றுலாவை வைத்து ஒரு கூட்டமைப்பு பெரிய காரியம் செய்திருக்கிறது, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஏற்பாடு. ஒரு விடுதியின் ஹாலில் திரையில் படம் படமாகக் காட்டினார்கள். கொழுந்து கிள்ளும் பெண்கள் இல்லாத படமே இல்லை. கைதட்டினோம். ராவுத்தர் டீ கொண்டுவந்த அம்மாளை நிறுத்திப் பேச்சுக் கொடுத்தார். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கொழுந்து கிள்ளி ஓய்ந்து, இப்போது அந்த விடுதியில் டீ கொடுக்கிறவர். இந்தக் கமிட்டியில் உங்கள் ஆட்கள் யாரும் இல்லையா என்று கேட்டார்.

“எங்கள யாரு அண்ணாச்சி கூப்பிடுதா?” என்றார் அந்த அம்மாள். “படம் எடுக்கணும், நல்ல சேலையாக் கட்டிட்டு வாங்கன்னு ஒருநா கூப்பிட்டாவ. போனோம். பெறவு டீ கொண்டான்னாவ. கொண்டாந்திருக்கேன். சூடு ஆறதுக்குள்ள குடிங்க.”

டீயைக் குடித்துவிட்டு வேனில் ஏறினோம். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அம்மாளைப் படத்தில் மட்டும் வைத்துக்கொண்டவர்களை நினைத்து அல்ல, ராவுத்தரை நினைத்து. போன இடத்தில் இப்படியா கேட்பது என்று. நான் கற்ற பொருளாதாரம் முழுவதும் அன்றைக்கு என்னைக் கைதட்டியவர்கள் பக்கம்தான் நிறுத்தியது.

பிறகு அந்தக் கம்பெனி வந்தது. தேங்காய்ப்பால் பவுடர் செய்கிற வெளியூர்க் கம்பெனி. இயந்திரம் அவர்களுடையது, கட்டடம் மானியத்தில், இடம் பஞ்சாயத்துடையது. அவர்கள் கைகாட்டிய இடம் சந்தைத் திடல். சாலையோரம், தண்ணீரும் கரண்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே கீரை, கருவாடு, கோழி, பழைய துணி, அரிவாள், மண்சட்டி விற்கிறவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பார்த்துக்கொள்ளலாம் என்ற இந்த ஒரு சொல்லால் எத்தனை பேரின் பிழைப்பை வாரி எறிந்திருக்கிறோம் என்று நினைத்தால் இப்போது எனக்கு வாய் கசக்கிறது. அப்போது நானும் அதைத்தான் சொன்னேன்.

ராவுத்தர் கம்பெனியை எதிர்க்கவில்லை. வரட்டும் என்றார். வாய்க்கால் மேட்டில் பஞ்சாயத்துக்கு இன்னொரு நிலம் கிடக்கிறது, வழி வெட்ட ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும் என்றார். இல்லையென்றால் திடலின் முன்பக்கத்தைச் சந்தைக்கு விட வேண்டும், அதை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும் என்றார். எதுவானாலும் சந்தைக்காரர்களை உட்கார வைத்துக் கேட்காமல் கையெழுத்து கூடாது என்றார். கூட்டத்துக்குக் கூட்டம் இப்படியே போனது. கம்பெனிக்காரர் என்னைத் தனியே அழைத்து, இந்த ஊரில் முடிவெடுப்பது நீங்களா, அந்தப் புண்ணாக்குக் கடைக்காரரா என்று கேட்டார். என்னைச் சாய்க்க அவ்வளவு போதுமானதாக இருந்தது.

என் தோப்புத் தேங்காய்க்கு நல்ல விலை வரும் என்ற நினைப்பும் இருந்தது. அதைவிடப் பெரிது, கட்டடத்தின் கல்வெட்டில் என் பெயர் வரும் என்பது.

கையெழுத்துக்கு வியாழனும் வரலாம், வெள்ளியும் வரலாம், உங்கள் சௌகரியம் என்றார் கம்பெனிக்காரர். வெள்ளி என்றேன். நேரம் கேட்டார். பன்னிரண்டரை என்றேன். ராவுத்தருக்கும் முறைப்படி அறிவிப்பு அனுப்பினேன். கேவலம் அதில்தான் இருக்கிறது. அவரைக் கூப்பிடவில்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

முந்தின நாள் அவர் போன் செய்தார். “மாஷே, நாளைக்கு ஜும்மாவுங்களே. ரெண்டு மணிக்கு வெச்சுக்கலாங்களா?”

கம்பெனிக்காரருக்கு விமானம் பிடிக்க வேண்டும் என்றேன். விமானமும் இல்லை, ஒன்றும் இல்லை. காரில் வந்தவர் காரில் போனார்.

அவ்வளவு சுமுகமான கூட்டம் அதுவரை நடந்ததில்லை. ருக்குமணியைக் கூட்டிவர ஆள் இல்லை. கருவாட்டு வாடை இல்லை. கையெழுத்து முடிந்து, போட்டோவுக்கு நின்று, வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. படியேறியதில் மூச்சு வாங்கியது. வழக்கம்போல நிலையில் கையை வைத்துக்கொண்டு முகங்களைப் பார்த்தார். எல்லோரும் அந்தக் கேள்விக்குக் காத்திருந்தோம். பஞ்சாயத்து பிரசிடெண்ட் முந்திக்கொண்டு, வாங்க ராவுத்தரே, இன்னொரு போட்டோ எடுத்துக்கலாம் என்றார். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“நான் வரலீங்கறது பெருசில்லீங்க மாஷே. நான் வரலீன்னு ஒருத்தருமே கேக்கலீங்களா?”

யாரும் கேட்கவில்லை. நீட்டிய தட்டை அவர் மறுக்கவில்லை. ஒரு வடையை எடுத்துக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்த எண்ணெய்க் கறை பையில் பரவியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்த கிராமசபையில் கூட்டமைப்புத் தலைவர் என்ற முறையில் நான் அறிவித்தேன். எல்லா உறுப்பினர்களும் ஏகமனதாக முடிவெடுத்ததாகச் சொன்னேன். ஏகமனதாக என்பது என் சொல். ராவுத்தர் அன்று வரவில்லை. ருக்குமணி வந்திருந்தாள்.

திடலைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. உணவுப் பொருள் செய்கிற இடத்துக்குச் சுத்தம் வேண்டுமாம். சந்தைக்காரர்கள் வேலிக்கு வெளியே, தார்ச்சாலைக்கும் சாக்கடைக்கும் நடுவில் உட்கார்ந்தார்கள். வாளையார்ச் சோதனைச்சாவடி வழியாகப் போகாமல் குறுக்கே வருகிற லாரிகள் அவர்கள் முழங்காலை உரசிக்கொண்டு போயின. வேறு இடம் யாரும் பார்க்கவில்லை. கம்பெனி எங்கள் பிள்ளைகளில் சிலருக்குத் தேங்காய் உரிக்கிற தினக்கூலி கொடுத்தது. தேங்காய் விலை ஏறியதும் கட்டுப்படியாகவில்லை என்று இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. வேலியைக் கழற்றவில்லை. குத்தகைக் காலம் முடியவில்லை, உள்ளே நுழையக் கூடாது என்று போர்டு தொங்கியது. பூட்டிய கட்டடம் புளியமர நிழலில் இருந்தது. கீரைக்கட்டு வெயிலில் வாடியது. இதற்குப் பெயர் வளர்ச்சி. கல்வெட்டில் என் பெயர் அழியாமல் இருக்கிறது. நல்ல கல்.

ராவுத்தர் அதன் பிறகும் கூட்டங்களுக்கு வந்தார். நேராக உள்ளே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். வாசலில் நிற்பதில்லை. கேட்பதில்லை. கூட்டங்கள் குறித்த நேரத்தில் ஆரம்பித்தன.

அவர் நெஞ்சில் நீர் கோத்துப் படுத்தபோது பார்க்கப் போனேன். விமானப் பொய்யிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தெரியும் என்றார். அன்றைக்குப் பள்ளியிலிருந்து வரும்போதே பஞ்சாயத்து வாசலில் கம்பெனியின் வெளியூர் நம்பர் காரைப் பார்த்தாராம்.

“இத ஏனுங்க என்கிட்டச் சொல்றீங்க? எனக்கென்ன போச்சு? என்ற கடை இருந்த எடத்துலதான் இருக்குது. சந்தைல உக்காந்திருந்தவங்ககிட்டச் சொன்னீங்களா?”

இல்லை என்றேன். அவர் மனைவி டீ வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். கணவர் சொன்னதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. “ஊரையெல்லாம் ஆரு வரலீன்னு கேட்டாருங்க. கடை யாவாரத்துல பாதி நான் பாத்தது. ஒரு மீட்டிங்குக்கு வான்னு என்னைய ஒருநா கூப்புட்டிருப்பாராங்க?”

அவர் கண்ணை மூடிக்கொண்டு, அது நெசந்தானுங்க என்றார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

சில நாளில் போய்விட்டார். அடக்கத்துக்கு நிறையக் கூட்டம். அவர் பழக்கம் எனக்குத் தொற்றியிருந்தது போலும். முகங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். சந்தைக்காரர்கள் ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, வியாபாரம் விட்டுவிட்டு வர முடிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதைச் செய்ய எனக்கு அதற்குப் பிறகும் பல வாரம் ஆனது. கடைசியில் ஒரு சந்தை நாளில் சாக்கடை ஓரத்தில் ருக்குமணி முன்னால் போய் நின்றேன். நீங்கள் நின்றுகொண்டு சொன்னால் நான் அண்ணாந்து பார்க்க வேண்டும், உட்காருங்கள் என்று சாக்கை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். ஒரு லாரி போனது. கீரையின் மேல் விழுந்த புழுதியை அவள் தண்ணீர் தெளித்துக் கழுவினாள். வெள்ளிக்கிழமையையும் பன்னிரண்டரையையும் விமானத்தையும் ஏகமனதையும் சொல்லி முடித்தேன்.

அவள் கை நின்றுவிட்டது.

“அப்ப ராவுத்தரு கையெழுத்துப் போடலீங்களா?”

இல்லை என்றேன்.

“அவரும் சேந்துதான் எங்கள வித்துப்போட்டாருன்னு இருந்தமுங்க. நீங்கதான மைக்குல சொன்னீங்க, எல்லாரும்னு.” கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, “எதுக்க வந்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்குவனுங்க. அவரு எழவுக்கும் போகலீங்க. உசுரக் காப்பாத்துன மனுசன்” என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். “அங்க கெடந்துட்டுக் கேட்டிருப்பாரு, ருக்குமணி வரலீங்களான்னு.”

மன்னிப்பு என்ற சொல்லை நான் அங்கே எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது.

அடுத்த மாதக் கிராமசபையில் எழுந்து எல்லாவற்றையும் மைக்கில் சொன்னேன். ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. பிரசிடெண்ட், பழைய கதையை ஏன் மாஷே கிளறுகிறீர்கள் என்றார். யாரோ ஒருவர், வெள்ளிக்கிழமை என்ன லீவு நாளா என்று கேட்டார், சிலர் சிரித்தார்கள். திடலைச் சந்தைக்குத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு காலை சந்தைக்காரர்கள் வேலியை வெட்டிக்கொண்டு உள்ளே போய் அவரவர் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். கம்பி வெட்டுகிற குறடு என் தோப்பு வீட்டிலிருந்து நான் கொண்டுபோனது. முதல் கம்பியை வெட்டியதும் நான். போலீஸ் வந்தது. அத்துமீறி நுழைந்ததாக வழக்கு. ருக்குமணி பெயர் முதலில் இருந்தது, கருவாட்டுக்காரர் இருந்தார், கோழிக்காரர் இருந்தார். என் பெயர் இல்லை. போய்க் கேட்டேன். வயதான காலத்தில் மாஷை எதற்குக் கோர்ட்டுக்கு அலைய வைப்பது என்று எனக்கு நாற்காலி போட்டு அன்பாகச் சொன்னார்கள். கருவாட்டுக்காரர் என்னைவிட மூத்தவர். அவருக்கு நாற்காலி போடவில்லை.

வாய்தா நாளில் நானும் போனேன். பெயர்களைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள். எல்லோரும் வந்தாயிற்றா என்று மாஜிஸ்ட்ரேட் மலையாளத்தில் கேட்டார். வந்தாயிற்று என்றார் வக்கீல். நான் பின்பெஞ்சிலிருந்து எழுந்து, ஒருவர் வரவில்லை என்றேன். யார் என்று கேட்டார். நான்தான், முதல் கம்பியை வெட்டியவன் என்றேன். இடையில் பேசக் கூடாது, உட்காருங்கள் என்றார்கள். வழக்கைத் தள்ளி வைத்தார்கள்.

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது ருக்குமணி பக்கத்தில் வந்தாள். நன்றி சொல்வாள் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

“ராவுத்தரா இருந்தா வாசப்படீலயே கேட்டிருப்பாருங்க மாஷே,” என்றாள். “எல்லாம் முடிஞ்ச பொறவு நீங்க கேக்கறீங்க.”

சந்தை இப்போது திடலுக்குள் நடக்கிறது. வழக்கும் நடக்கிறது. என் பெயரை இன்னும் சேர்க்கவில்லை.